மேல்படியில் ஒரு கட்டைக்குரல்

வெரோனா,
17 மார்ச் 1963

அன்புத் தங்கை ஒர்தென்சியாவுக்கு,

அண்ணன் அமெதேயோ எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மருமகள் நீவெஸும் நன்றாக இருக்கிறாள், மருந்துக்கடை வேலையில் அவளுக்கு நல்ல பெயர். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ருஜ்ஜேரோவின் இருமல் குறைந்ததா? சுரங்கத்திலிருந்து வந்ததும் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்.

நல்ல செய்தி ஒன்று. இந்தக் கோடைக்கும் என்னை ஓபரா கோரஸில் எடுத்துக்கொண்டார்கள். போரில் அரங்கம் அடைத்துக் கிடந்த வருஷங்களைக் கழித்தால், நம் பழைய கல்லரங்கமான அரேனாவில் இது எனக்கு இருபத்தொன்பதாவது கோடை. என்னோடு தேர்வுக்கு வந்த புதியவர்கள் நான்கு பேருக்கும் நல்ல குரல்தான். ஆனால் எல்லோரும் காதை நம்பிப் பாடுகிறார்கள். அவ்வளவு பெரிய மேடையில் வாத்தியங்களின் ஓசை பின்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் தாளம் தப்பிவிடும். கேட்டுப் பாடினால் பிந்திப்போவோம். அதற்காகத்தானே உதவி இயக்குநர்கள் தூண் மறைவில் நின்று சிவப்பு விளக்கை ஆட்டித் தாளம் காட்டுகிறார்கள். “காத மூட்ட கட்டி வீட்டுல வச்சிட்டு வாங்கப்பா, இங்க கண்ணுதான் பாடும்” என்று அவர்களிடம் சொன்னேன். இருபது வருஷமாக என் பக்கத்தில் நிற்கும் கஸ்பாரே இருக்கிறானே, அவன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்குக் கீழே இருக்கும் காப்பி பாருக்கு நீ போன் செய்தாயாம். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் வைத்துவிட்டாய் போலிருக்கிறது. அந்த இரைச்சலில் என்ன பேச முடியும்? எழுது.

நம் ஊர்ப் புனிதர் சான் ஜேனோ உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உன் அண்ணன்,
அமெதேயோ


ஷார்லரோவா,
2 ஏப்ரல் 1963

என் அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மழை வரப்போவதை வானொலிக்கு முன்னால் அது சொல்லிவிடும். அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீயும் நீவெஸும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அல்லது தினமும் அந்தச் சோளக்கூழ் போலெந்தாதானா?

நானும் உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். பெல்ஜியத்துக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, ஒரு தடவையாவது என் அண்ணன் பாடுவதைக் கேட்க வேண்டாமா? நாற்காலியெல்லாம் வேண்டாம். சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரி கல்படியில்தான் உட்காருவேன். வெயில் குடித்த கல் பாதி ராத்திரி வரை சுடுமே, அது என் முழங்காலுக்கும் நல்லது. ஓபரா தொடங்கும்போது எல்லோரோடும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றுவேன். நீ சரியாகப் பாடாவிட்டால் அங்கிருந்தே “அரைச் சுருதி கீழ” என்று கத்துவேன். நீ முன்போலச் செருப்பை எறி.

பாரில் பத்து நிமிஷம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன் அண்ணா. இது மூன்றாவது தடவை. அதற்கு முந்தின தடவை நீ வந்து பேசியதும் எனக்கு மறக்கவில்லை. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீவெஸுக்கு என் முத்தம்.

ஒர்தென்சியா


வெரோனா,
28 ஏப்ரல் 1963

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம், எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் வேண்டாம் ஒர்தென்சியா. அந்த மாசம் வெயில் மண்டையைப் பிளக்கும். கூரை ஓடு மாற்ற ஆள் வரப்போகிறான், வீடு முழுக்கத் தூசியாக இருக்கும். இந்த வருஷ ஓபராவும் அவ்வளவு சுகமில்லை, குதிரைகளும் ஒட்டகமும்தான் ஜாஸ்தி, பாட்டு குறைவு. அடுத்த ஈஸ்டருக்கு வா. ஆட்டுக்கறி சமைத்துச் சாப்பிடலாம், நிம்மதியாகப் பேசலாம். அரேனா எங்கே போகிறது, இரண்டாயிரம் வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது.

ருஜ்ஜேரோவை விசாரித்ததாகச் சொல்.

அமெதேயோ


ஷார்லரோவா,
9 மே 1963

அண்ணா,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன்.

கூரை ஓடு, வெயில், ஒட்டகம் எல்லாம் எனக்குப் புரிகிறது. அம்மா இறந்தபோது நான் வரவில்லை. அதுதானே? அப்போது என் வயிற்றில் ஏழு மாதம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை, பெட்டியில் அவளைப் பார்க்கப் பயந்துதான் வராமல் இருந்தேன் என்பதும் உனக்குத் தெரியும். அதை நீ இத்தனை வருஷமாக மனசில் வைத்திருக்கிறாய்.

போன டிசம்பரில் நான் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “அவரை ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்ணா, எனக்குப் பயமா இருக்கு” என்று அழுதேன். அதற்கு நீ, “ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது, எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு” என்று வைத்துவிட்டாய். ஒருவன் தங்கையிடம் இப்படிப் பேசுவானா?

நான் வரவில்லை. நீ நிம்மதியாகப் பாடு.

ஒர்தென்சியா


வெரோனா,
20 ஜூன் 1963

அன்புள்ள அத்தைக்கு,

நீவெஸ் எழுதுகிறேன். மாமாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் மருந்துக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடுங்கள்.

உங்கள் மே மாதக் கடிதத்தை அப்பா மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். தினமும் எடுத்துப் படிக்கிறார். பதில் எழுத உட்காருவதும் தாளைக் கசக்குவதுமாக இருக்கிறார். அதனால்தான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறி எழுதுகிறேன்.

அத்தை, அப்பாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அவருக்குக் காது கேட்பதில்லை. பகலெல்லாம் சலவைக்கல் அறுக்கும் பட்டறையில் அந்த ரம்பங்களுக்கு நடுவில்தானே நிற்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் வலது காது போனது, போன குளிர்காலத்தோடு இடதும் போய்விட்டது. டிசம்பரில் நீங்கள் போனில் சொன்ன ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதையே உங்கள் கடிதத்தில்தான் படித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

பிறகு எப்படிப் பாடுகிறார் என்று கேட்பீர்கள். அத்தனை பாட்டும் அவருக்கு மனப்பாடம். தேர்வில் பியானோ வாசித்தவரின் விரலைப் பார்த்துக்கொண்டே பாடிவிட்டு வந்தார். மேடையில் தாளத்துக்குச் சிவப்பு விளக்கு இருக்கிறது. சுருதிக்குக் கஸ்பாரே மாமாவின் முதுகில் அப்பா கையை வைத்துக்கொள்கிறார், மாமா பாடும்போது முதுகு அதிருமாம். கோரஸில் கஸ்பாரே மாமா ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். “மாட்டினா ரெண்டு பேரும் சேந்து மாட்டுவோம்மா” என்கிறார்.

இருபதாயிரம் பேர் முன்னால் ஒரு நாள் தவறினால் அப்பா அதோடு முடிந்துபோவார். அவராகவே கௌரவமாக விலகிக்கொள்ள வேண்டும். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முகத்தைத் திருப்பிவிட்டால் அவருக்கு எதுவும் கேட்காது, அவ்வளவுதான். நீங்கள் வாருங்கள் அத்தை. உங்கள் காதைத்தான் அவர் நம்புவார்.

மாமாவுக்கு என் வணக்கம்.

நீவெஸ்


ஷார்லரோவா,
1 ஜூலை 1963

கண்ணு நீவெஸ்,

உன் கடிதம் கிடைத்தது. மாமா தேறிவிட்டார், அவரைப் பற்றிக் கவலைப்படாதே. உன்னைப் பார்த்துக்கொள்.

அந்த மே மாதக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. என் கையை வெட்டினால் என்ன.

வருகிறேன். ஆகஸ்ட் பத்து, சான் லொரேன்ஸோ திருநாள். அப்பாவிடம் மூச்சு விடாதே. நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் விளக்கைப் பார்க்காமல் என்னைத் தேடுவார், அதுவே வினையாகிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கே போய்க் கல்படியில் இரண்டு இடம் பிடித்து வை, மெத்தை போடு. முதலில் அவர் பாடுவதைக் கேட்கிறேன். மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொல்கிறேன். அவரிடம் நான் எதையும் மறைத்துச் சொன்னதில்லை.

உன் அத்தை பயந்து ஓடுகிறவள் என்று ஊரில் சொல்வார்கள். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

அன்புடன்,
அத்தை


வெரோனா,
21 ஜூலை 1963

அன்புத் தங்கைக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. ருஜ்ஜேரோ எப்படி இருக்கிறார்? ஆஸ்பத்திரி என்று படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. போனில் நான் அப்படிப் பேசியது தப்புத்தான். பாரில் ஒரே கூச்சல், நீ சொன்னது சரியாக விளங்கவில்லை. மன்னித்துக்கொள்.

அம்மா விஷயத்தை நான் மனசில் வைக்கவில்லை. அவள் கடைசி வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள், அது அவளுக்குப் பிரியம் வந்தால் செய்கிற வேலை. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஈஸ்டருக்குக் கட்டாயம் வா.

ஒத்திகை தொடங்கிவிட்டது. இந்த வருஷ இயக்குநர் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார். உயரமான ஆட்களாக ஆறு பேரைப் பொறுக்கி, மேடைக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்படிகளில் ஈட்டியோடு தனித்தனியாக நிறுத்துகிறார். எனக்குக் கிடைத்தது எல்லாவற்றிலும் மேலே இருக்கிற படி. கஸ்பாரே குள்ளன், கீழே நிற்கிறான். எனக்கு அவன் பக்கத்திலேயே நிற்கலாம் என்று இருந்தது. “என்னய்யா, கிரீடம் வச்ச மாதிரி எடம் குடுத்தா வேணாங்கறீங்க?” என்று இயக்குநர் கேட்டார். அப்புறம் நான் என்ன சொல்வது? அங்கிருந்து பார்த்தால் ஏற்றின மெழுகுவர்த்தி அத்தனையும் தெரியுமாம். உதவி இயக்குநரின் விளக்கும் நேர் எதிரே தெரிகிறது. அது போதும்.

தெய்வம் துணை.

அமெதேயோ


வெரோனா,
14 ஆகஸ்ட் 1963

அத்தைக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் இல்லை.

நீங்கள் எழுந்து ஓடியதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் அங்கம், படைகளின் கோரஸ். தூறல் விழுந்ததும் வாத்தியக்காரர்கள் எழுந்துகொண்டதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். மரவாத்தியத்தில் ஒரு சொட்டு பட்டாலும் எழுந்துவிடுவார்கள், அது அவர்கள் உரிமை. கோரஸ் நின்றது. உதவி இயக்குநர் விளக்கை அணைக்காமல் கையில் பிடித்தபடியே வளைவுக்குள் ஓடினார். அவர் ஓட ஓட விளக்கு மேலும் கீழும் ஆடியது. அப்பா அதையே தாளம் என்று நினைத்துக்கொண்டார். மேல்படியிலிருந்து, தன்னந்தனியாகப் பாடிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள். “அத்தை, போகாதீங்க, இப்ப போகாதீங்க” என்று உங்கள் சட்டையைப் பிடித்தேன்.

கஸ்பாரே மாமா படியேறி ஓடி அப்பாவின் காலைப் பிடித்து உலுக்கினார். அப்பா நிறுத்தினார். அப்போது அரேனாவில் சிரித்தவர்களும் உண்டு, கை தட்டியவர்களும் உண்டு, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வாய்கள் திறந்திருப்பதை மட்டும் பார்த்திருப்பார். படைவீரன் உடையிலேயே வீட்டுக்கு நடந்து வந்தார். நான்கு நாளாக அரேனாவுக்கும் போகவில்லை, பட்டறைக்கும் போகவில்லை. நான் எழுதிக் காட்டினால் தாளைக் கவிழ்த்து வைக்கிறார்.

நீங்கள் வந்திருந்ததைச் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையில் வந்து சொல்கிறேன் என்றீர்களே அத்தை. காலையில் உங்களுக்கும் சேர்த்துக் காப்பி போட்டு வைத்திருந்தேன்.

மாமாவுக்கு வணக்கம்.

நீவெஸ்


வெரோனா,
25 ஆகஸ்ட் 1963

ஒர்தென்சியாவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன்.

நீ கல்படியில் உட்கார்ந்திருந்தாய் என்று நீவெஸ் சொன்னாள். எழுந்து போனதற்காக உன்னை நான் கேட்கப்போவதில்லை. என்னாலும் ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன், ஈட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கே ஓடுவது?

கோரஸ்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். “பிரமாதமா இருந்துச்சு அமெதேயோ” என்று வாயை அகலமாகத் திறந்து சொன்னார்கள். சாவு வீட்டில் பேசுகிற முகத்தோடு சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பவில்லை. எங்கோ விழுந்துவிட்டேன், என்னால் கேட்க முடியாத ஏதோ ஒரு அசிங்கத்தை அத்தனை பேர் முன்னால் செய்துவிட்டேன் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அது என்ன என்று தெரியாமல் என்னால் தூங்கவும் முடியவில்லை, ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. சுருதி சேர்ந்திருந்ததா?

அமெதேயோ


ஷார்லரோவா,
2 செப்டம்பர் 1963

என் அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். அதற்காகவே உடனே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கோழை. அம்மாவைப் பெட்டியில் பார்க்கப் பயந்த மாதிரியே, நீ நிறுத்தும்போது உன் முகம் எப்படி மாறும் என்று பார்க்கப் பயந்தேன். வெளியே வந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்து விடிகிற வரை அழுதேன். உன் வீடு இருபது நிமிஷ நடைதான். நடக்கவில்லை.

ஆனால் ஓடுவதற்கு முன் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஆள், “யாருய்யா அது, மழைக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறாரு” என்றான். அவனை முழங்கையால் இடித்தேன். “எங்கண்ணன்யா அது. வாய மூடிட்டுக் கேளு” என்றேன். அவன் வாயை மூடினான். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

கோரஸில் கட்டைக்குரல் என்றால் வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன், மேலே போகிற மெட்டுத்தான் எனக்குத் தெரியும். அதற்கு அடியில் நீ பாடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். நான்கே சுவரம், ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிறது. இருபத்தொன்பது கோடையாக இதையா நீ பாடிக்கொண்டிருந்தாய் அண்ணா? யாராவது உன்னிடம் இதைக் கேட்டேன் என்று ஒரு நாளாவது சொன்னார்களா?

நீ கேட்டதற்குப் பதில். எட்டு அடி சுத்தம், மயிரிழை பிசகவில்லை. ஒன்பதாவது அடியில் கொஞ்சம் இறங்கினாய். அரைச் சுருதி இல்லை, அதில் பாதி. பத்தாவதிலும் அப்படியேதான் இருந்தாய். அதற்குள் கஸ்பாரே உன் படிக்கு ஏறி வருவதைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

இந்தத் தடவை பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தங்கை,
ஒர்தென்சியா


வெரோனா,
15 செப்டம்பர் 1963

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பத்து அடியும் சுத்தம் என்று எழுதியிருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன். ஒன்பதாவதில் இறங்கினேன் என்று எழுதியதால் மற்ற எட்டையும் நம்புகிறேன். அந்த இடத்தில் எனக்கு எப்போதுமே மூச்சு போதாது, இருபது வயதிலும் இறங்குவேன். அன்று ராத்திரி நீவெஸ் செய்த உருளைக்கிழங்கு ஞொக்கி இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவள் சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

திங்கள்கிழமை கோரஸ் தலைவரிடம் போய் நானே எல்லாவற்றையும் சொல்லி விலகிக்கொண்டேன். “எத்தன நாளா?” என்று தாளில் எழுதிக் காட்டினார். மூன்று விரலைக் காட்டினேன். “மூணு மாசமா?” என்று எழுதினார். வருஷம் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “போன வருஷம் புது ஆளுங்ககிட்ட ஒங்களத்தானய்யா காட்டி, இவரப் பாத்துக் கத்துக்குங்கன்னு சொன்னேன்” என்று எழுதினார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இழுப்பறையில் உன் கடிதத்தோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இனிமேல் உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

ஈஸ்டருக்கு வேண்டாம், அடுத்த ஆகஸ்டில் வா. நாலு மணிக்கே போய்க் கல்படியில் மூன்று இடம் பிடித்து வைக்கிறேன். படைகளின் கோரஸ் வரும்போது என் முழங்காலில் தாளம் தட்டு. பிந்தினால் கையில் அடிப்பேன். தூறல் விழுந்தால் யாரும் எழுந்து ஓடக் கூடாது.

ருஜ்ஜேரோவின் இருமலைப் பற்றி எழுது. உன் முழங்காலைப் பற்றியும் எழுது. பாருக்குப் போன் செய்யாதே. மாடியிலிருந்து இறங்க நேரமாகிறது என்று முன்பு எழுதினேன், பாரில் கூச்சல் என்றும் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். எனக்குக் காது கேட்பதில்லை, ஒர்தென்சியா. மற்றபடி நலம்.

உன் அண்ணன்,
அமெதேயோ